நாமக்கல்லில் ஓர் 'இறங்கல்' பேனர்

லாரி டிரைவர் செல்வராசு மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று போன மாதம் தகவல் வந்தது. துக்கம் கேட்க நாமக்கல் கிளம்பினேன். ஊர் சுற்றப் போகவில்லை என்றாலும், அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை ஏழு மணிக்கு பஸ். சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வலது பக்கம் உட்காருங்கள்; இடது பக்கம் முழுக்க வெயில்.

சில வருடங்களுக்கு முன் இந்த வலைப்பதிவுக்காக செல்வராசுவின் லாரியில் ஹூப்ளி வரை போயிருக்கிறேன். ஜவ்வரிசி லோடு. வழியில் அவர் முதல் கர்நாடகப் பயணத்தைச் சொன்னார். "குடோன்காரன் 'சாக்கு, சாக்கு'ன்னு கத்தறானுங்க. மூட்டை இன்னும் வேணுமாட்ட இருக்குதுன்னு எறக்கிட்டே இருந்தேன். கன்னடத்துல சாக்குன்னா போதும்னு அப்பறந்தானுங்க தெரிஞ்சுது!" சிரித்துச் சிரித்து வண்டியையே ஓரங்கட்டிவிட்டார்.

அவர் தெருமுனையில் நண்பர்கள் பேனர் கட்டியிருந்தார்கள். படத்துக்குக் கீழே 'ஆழ்ந்த இறங்கல்'. இரங்கல் என்றால் துயரப்படுவது. வல்லின 'ற' போட்டால் கீழே இறங்குவது. பலரும் செய்கிற பிழைதான்.

கல்லூரியில் தமிழ் படிக்கும் மகள் காயத்ரி அதை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பா பேருக்குக் கீழ தப்பா இருக்கக் கூடாதுங்க" என்றாள் என்னிடம். கண்ணில் ஈரமே இல்லை. செய்தி வந்ததிலிருந்து அவள் அழவேயில்லையாம்.

அவள் அம்மா சரசு ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்.

"உடு சாமி. ஊட்டுக்கு வந்தா ரெண்டு நாள் தங்குனாரா உங்கப்பா? கடைசி மூச்சும் ஸ்டீயரிங்ல சாஞ்சுதான போச்சு. இப்பத்தான் கண்ணு வண்டிய உட்டு எறங்கியிருக்காரு. அப்படியே இருக்கட்டும்."

காயத்ரி கயிற்றை விட்டாள். பேனர் கம்பத்தடியிலேயே உட்கார்ந்து, "அப்பா" என்று வாய்விட்டு அழுதாள். சரசு அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார். நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

திரும்ப பஸ் அடிக்கடி உண்டு. மாலையில் மட்டும் கூட்டம். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். நம் ஊரில் போகிறேன் என்று சொல்லமாட்டோம், வருகிறேன் என்போம். துக்க வீட்டில் அதையும் சொல்லக் கூடாது. 'வாரேங்க' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு செருப்பை மாட்டினேன். சரசு பார்த்தார். அவரும் வாங்க என்று சொல்லவில்லை.