வெள்ளி ராவு

இசைத்தட்டில் இறக்குமுன் மச்சான் ஊசியை ஒருமுறை ஊதுவார். ஊதிவிட்டு, கடையில் நிற்பவர்களிடம் அன்றைய தேதியின் பெருமையைச் சொல்வார். இன்னார் பிறந்த நாள், இன்னார் கடைசியாகப் பாடிய நாள் என்று எல்லாம் தலைகீழ்ப் பாடம். அவர் என் அக்காவின் கணவர். அறுபதுகளில் கடலூர் முதுநகரில் மைக் செட் வாடகைக் கடை வைத்திருந்தார். "ஒங்க நிக்காஹ் தேதியாச்சும் ஞாபகம் இருக்கா மச்சான்?" என்று கொழுந்தியா உரிமையில் சீண்டுவேன். "அன்னிக்கு என்ன பாட்டு போட்டேன்னு சொல்லு, தேதிய சொல்றேன்" என்பார்.

வருஷத்தில் ஒரு தேதி மட்டும் அவருக்குப் பெருநாள். அவர் உயிராய் நினைத்த பாடகர் பிறந்ததும், அந்தப் பாடகரை முதலில் பாடவைத்த இசையமைப்பாளர் இறந்ததும் அதே தேதியில். பெயர்களைச் சொல்லமாட்டேன். அன்று யார் கேட்டாலும் மைக் செட் வாடகைக்குக் கிடைக்காது. காலையில் குதூகலப் பாட்டு, மத்தியானத்துக்குமேல் சோகப் பாட்டு என்று கடைவாசல் அதிரும்.

அந்த வருஷம் அது வியாழக்கிழமையில் வந்தது. தலைப்பிரசவத்துக்கு அக்கா சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் இருந்தாள். புதன்கிழமை மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு இனித் தாங்காது என்றாள். எங்களைப் பெற்ற அத்தா பஸ் ஸ்டாண்டுக்குப் போய், தெரிந்த கண்டக்டரிடம், "வெள்ளி ராவுக்குள்ள மாப்புளைய வந்துரச் சொல்லுங்க" என்றார். எங்களுக்குப் பொழுது சாய்ந்தால் அடுத்த நாள் பிறந்துவிடும். வெள்ளி ராவு என்றால் வியாழன் இரவு. கண்டக்டர் எங்கள் ஆளில்லை. அவர் நல்ல மனதோடு, தெளிவாகவே போய்ச் சொன்னார்: "வெள்ளிக்கிழம ராத்திரிக்குள்ள வந்தா போதுமாம்."

மச்சானுக்கு நிம்மதி. வியாழக்கிழமை முழுக்க அவர் பாட்டுப் போட்டார்.

அன்று நடுப்பகலில் பெண் குழந்தை பிறந்தது. அக்காவுக்கு ரத்தம் நிற்கவே இல்லை. "அவுங்க வந்துட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வெள்ளி ராவுக்குள் வந்துவிடுவார் என்று நாங்களும் சொல்லிக்கொண்டே இருந்தோம். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லி முடிந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

விடிந்ததும் சொல்லியனுப்பிய ஆள் கடை பூட்டியிருக்கக் கண்டு திரும்பினார். மச்சான் தொட்டில் சேலை வாங்கக் குறிஞ்சிப்பாடிக்குப் போயிருந்தார். ஜும்மாவுக்குப் பிறகும் காத்திருந்தோம். "இதுக்கு மேல மையத்த வெச்சிருக்கக் கூடாது" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்துகொண்டிருந்தபோது மச்சான் சிரித்தபடி தெருவில் வந்தார். "ராத்திரிக்குள்ளன்னீங்க மாமா, வெளிச்சத்துலயே வந்துட்டேன் பாருங்க."

அத்தா அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். யாரைக் குற்றம் சொல்வது? எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

பிறகும் அவர் கடை நடத்தினார், கல்யாணங்களுக்குப் பாட்டுப் போட்டார். அந்தத் தேதியில் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடப்பார். குழந்தை என்னிடம் வளர்ந்தது. வருஷா வருஷம் அன்று புதுப் பாவாடையோடு வாசலில் நின்று தன் அத்தாவை எதிர்பார்க்கும். மறுநாள்தான் அவர் வருவார். கண்டக்டர் சொன்ன சேதியைப் பற்றி அவளிடம் பேசக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

இப்போது மச்சான் இல்லை. அவளுக்கே பேரன் பேத்தி ஆகிவிட்டது. போன வருஷம் அதே தேதியில் போன் செய்தாள். "டிவில காலைலேர்ந்து பழைய பாட்டாவே போடுறாங்க சின்னம்மா. பொறந்த நாளாம், நினைவு நாளாம். ஊருக்கெல்லாம் பாட்டு போட்ட மனுஷன், என் பொறந்த நாளுக்கு ஒரு பாட்டாச்சும் போட்டிருக்காரா? நான் பொறந்ததே அவருக்குப் புடிக்கல."

மச்சானுக்குக் கொடுத்த சத்தியத்தை மீற முடியாது. ஆனால் பொய் சொல்லவும் அவசியமிருக்கவில்லை.

"போட்டாரும்மா" என்றேன். "நீ பொறந்த அன்னிக்கு, நாள் முழுக்கப் போட்டாரு."