இரண்டாவது எண்

கோரிப்பாளையத்தில் திருமங்கலம் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார் அவர். வெள்ளைத் தாடி, இஸ்திரி போட்டுப் போட்டு மினுங்கிப்போன சட்டை, காதில் பென்சில். டிக்கெட் எடுத்ததும் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். வடை, பஜ்ஜி, போண்டா என்று எழுதியிருந்தது. பக்கத்தில் உட்காரும் எல்லோரிடமும் இப்படித்தான் நீட்டுவாராம்.

“பிடிச்ச வரிசையில ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போடுங்க தம்பி. ஒண்ணாவது தோத்துட்டா உங்க ஓட்டு ரெண்டாவதுக்குப் போயிரும். எலெக்‌ஷன்லயும் இப்படி வரணும்.”

வடைக்கு மட்டும் ஒன்று போட்டுவிட்டுச் சிரித்தேன். “இதுக்கு எதுக்கு பாய் இம்புட்டு மெனக்கெடுறீங்க?”

“எங்க வார்டுல நானும் என் தோஸ்த்தும் எதிரெதிரா நின்னோம். ரெண்டு பேரும் நின்னது ஒரே சாக்கடையைச் சரி பண்ணத்தான். ஓட்டு பிரிஞ்சு மூணாவது ஆளு ஜெயிச்சுட்டாரு. ‘எல்லாம் உன்னாலதான்’னு நானும் சொன்னேன், அவனும் சொன்னான். அதோட பேச்சு நின்னுபோச்சு. போன வருஷம் மவுத்தாயிட்டான், பேசாமலே போய்ச் சேந்துட்டான்.”

“ரெண்டாவது ஓட்டு இருந்திருந்தா அவருக்குப் போட்டிருப்பீங்களா?”

“அப்ப ரெண்டு. இப்பன்னா ஒண்ணே அவனுக்குத்தான்.”

திருநகர் வந்துவிட்டது. அவசரமாக எழுந்தேன். பென்சிலை நீட்டி, “ரெண்டாவதையும் போட்டுட்டுப் போங்க தம்பி” என்றார். எதற்குப் போட்டேன் என்று நினைவில்லை. கெஞ்சுவதுபோல் நீண்டிருந்த அந்தக் கை மட்டும் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.