அம்மாவுக்கு வாங்கிய டெக்

டெக் என்றுதான் நாங்கள் சொல்வோம். டிவியில் போகிற படத்தைப் பிடித்து வைத்து, வேண்டியபோது போட்டுப் பார்க்கிற பெட்டி. இன்று என் பேத்தி அதையெல்லாம் போனிலேயே செய்துவிடுகிறாள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். படித்தது ஒன்றும் ஞாபகமில்லை. ஆனால் அந்தப் பெட்டியை வாங்க அப்பாவும் மாமாவும் நானும் கஹவத்தைக்குப் போன பஸ்ஸில் என் காலை மிதித்த ஆளின் முகம்கூட ஞாபகமிருக்கிறது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்.

எங்கள் லயம், தோட்டக்காரர்களின் வரிசை வீடுகள், தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருந்ததால் கரண்ட் வந்திருந்தது. டிவி எங்கள் காம்பரா வீட்டில் மட்டும். அதை அப்பா எப்படி வாங்கினார் என்பது வேறு கதை. அதில் ஒரு பசுமாடு வருகிறது. ஞாயிறு பின்னேரம் தமிழ்ப் படம் என்றால் லயமே எங்கள் வீட்டில் இருக்கும். டிவி உள்ள வீட்டில் கதவைச் சாத்தக்கூடாது. வந்தவர்களைப் பால் விடாத சாயத்தண்ணி கொடுக்காமல் அனுப்பக்கூடாது. படம் முடிந்ததும் எழுந்து போய்விடுவார்கள் என்பதால், முடிவதற்குக் கொஞ்சம் முன்பே ஊற்றியாக வேண்டும். முப்பது பேருக்கு, உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிக்கச் சீனியோடு.

அதனால் அம்மா எந்தப் படத்தின் கடைசியையும் பார்த்ததில்லை. எல்லாரும் போன பிறகு, "என்னாச்சுங்க?" என்று அப்பாவிடம் கேட்பாள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சு" என்பார். எல்லாப் படத்துக்கும் அதே பதில்தான். கதாநாயகி ஆற்றில் விழுந்து செத்த படத்துக்கும் அதையே சொன்னார். மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் அம்மாவுக்கு உண்மை தெரிந்துவிட்டது. இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அப்பா, "டெக் ஒண்ணு எடுப்போம்" என்றார்.

மாமா அம்மாவின் தம்பி. கொழும்பில் ஹோட்டலில் வேலை செய்ததால் உலகம் தெரிந்தவர் என்று பெயர். கஹவத்தைக் கடையில் முஸ்லிம் முதலாளியான நானா இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று கெசட் போட்டால் படம் காட்டும். மற்றது டிவியில் போவதைப் பிடிக்கவும் செய்யும்; விலை கூட.

"காட்டுறது மட்டும் போதும் அத்தான்" என்றார் மாமா. "கெசட்ட வாடகைக்கு எடுத்துக்கலாம்."

"வாடகைக் கெசட்ட ஒரு நாளைக்குத்தான் தருவாங்க. அன்னைக்கும் லயமே வந்துரும். ஒங்கக்கா அடுப்படியிலதான் நிப்பா. புடிச்சு வச்சாத்தான் ஆளில்லாத நேரமா அவ குந்திப் பாக்கலாம்."

"ஒரு நாளைக்கு நீங்க தேத்தண்ணி ஊத்துனா பெட்டியே தேவையில்லையே."

நானா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நல்ல யோசனதான். ஆனா அத நான் இங்க விக்கிறதில்ல" என்றார்.

அப்பா அதை ஒரு யோசனையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "புடிக்கிறதையே கட்டுங்க நானா" என்றார்.

பெட்டிக்குச் சூடம் காட்டினோம். பொத்தான்களில் இங்கிலீஷ் எழுத்து. படம் பிடிக்க எந்த இரண்டை ஒன்றாக அமுக்க வேண்டும் என்று தெரிவதற்காக, மாமா அந்த இரண்டிலும் குங்குமம் வைத்துவிட்டுக் கொழும்புக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை நான்தான் அமுக்கினேன். வழக்கம்போலக் கூட்டம். வழக்கம்போல அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

புதன்கிழமை விடியவே மழை. மழையில் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. அம்மா பால் வெட்டுகிறவள், வீட்டில் இருந்தாள். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள் மழையிலும் மலைக்குப் போய்விட்டார்கள். அப்பா தொழிற்சாலையில். மழை பெய்தால் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அது நானே போட்ட சட்டம்.

அம்மா முகம் கழுவி, தலை சீவி, கோயிலுக்குப் போகிறவள் மாதிரி வந்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். படம் கோர்ட் வரைக்கும் வந்தது. கதாநாயகி கூண்டில் நிற்கிறாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றுகிறார்.

"தம்பி, நிப்பாட்டு."

"இப்பத்தானேம்மா தீர்ப்பே."

"நிப்பாட்டுடா."

அமுக்கினேன். அம்மா ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி ஓடினாள். திரையில் நீதிபதி கண்ணாடியும் கையுமாக நடுங்கிக்கொண்டே நின்றார். டேப் அறுந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

அம்மா திரும்பி வந்தபோது பின்னால் கடைசிக் காம்பரா அத்தை. அவரும் பால் வெட்டுகிறவர்தான். நனைந்த காலோடு வாசலிலேயே நின்றார்.

"எனக்கெதுக்கு மதினி? அண்ணே ஒனக்குல்ல வாங்கிக் குடுத்துச்சு."

"வந்து குந்து. நான் ஊத்துற நேரமெல்லாம் நீ கிளாஸ் கழுவிக்கிட்டு இருந்த. நீ மட்டும் எந்தக் கடைசியக் கண்ட?"

அத்தை யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் காணலதான்" என்று உட்கார்ந்தார்.

கதாநாயகிக்கு விடுதலை. இருவரும் அழுதார்கள். பிறகு இன்னும் இரண்டு தடவை போடச் சொன்னார்கள். மூன்று தடவை நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

அன்று எனக்கு ஒரே கோபம். அம்மாவுக்கென்று தேடி எடுத்த பெட்டி. அவள் படத்தை நிறுத்திவிட்டு எதற்காக இன்னொருவரைத் தேடி மழையில் ஓட வேண்டும்? அந்த வீட்டில் அத்தனை ஞாயிறும் நானும்தான் இருந்தேன். கிளாஸ் என் கைக்கு வரும். குடித்துவிட்டுக் கீழே வைப்பேன். வைத்த கிளாஸ் எங்கே போகிறது என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.