அம்மா கொஞ்சம் வெளியே இருக்கட்டும்

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பலாங்கொடை ஆஸ்பத்திரிக்கு அம்மா போகும்போதெல்லாம் நானும் போவேன். மலையில் கங்காணியையே வாயடைக்க வைக்கிற அம்மாவுக்கு, சிங்களத்தில் கடைச்சாமான் வாங்கும் அளவுதான் பேச்சு வரும். எனக்கு அது விளையாட்டிலேயே வந்துவிட்டது. அதனால் அம்மாவின் இடுப்பு வலி, இருமல் எல்லாவற்றையும் டொக்டரிடம் சொல்வது என் பொறுப்பு. அந்தப் பெருமையில் கொஞ்சம் கூடுதலாகவே இருமிக் காட்டுவேன்.

பதின்மூன்று வயதில் நோயாளியும் நானே ஆனேன். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கூடவே காய்ச்சல். அம்மா கேட்டதற்கெல்லாம் "தெரியலம்மா" என்றேன்.

டொக்டர் இளம் சிங்களப் பெண். என்னைச் சோதித்துவிட்டு, "அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லு, மகள்" என்றார். அம்மாவிடம் தமிழில் சொன்னேன்.

"அவங்க சொன்னாங்களா, நீயா சொல்றியா?" அம்மா நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "பெத்தவ நான். எனக்குத் தெரியாம இவளுக்கு என்ன பேச்சு? கேட்டுச் சொல்லு."

கேட்டேன். "அம்மா அம்மாதான். ஆனால் பிள்ளை கூச்சமில்லாமல் பேச வேண்டுமே" என்றார் டொக்டர். அதையும் அம்மாவிடம் சொன்னேன். என்னைப் பற்றிய வழக்கில் இரண்டு பக்கத்துக்கும் நானே வக்கீல். கடைசியில், புதிதாக மாற்றலாகி வந்திருந்த முஸ்லிம் நர்ஸ் ஒருவர் எட்டிப்பார்த்து, "அஞ்சு நிமிஷந்தான் அக்கா, வாங்க" என்று தமிழில் பேசி அம்மாவை அழைத்துப் போனார்.

கதவு மூடியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாடசாலை மலசலகூடத்தில் தாழ்ப்பாள் உடைந்து வெகுநாளாகிறது. பையன்கள் கதவைத் தள்ளிவிட்டு ஓடுவார்கள். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல், வீடு வரும்வரை அடக்கிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சொன்னால் லயத்து வரிசை வீடுகளின் பெண்களையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்துவிடுவாள். அப்புறம் வகுப்பில் எப்படி முகம் காட்டுவது?

டொக்டர் சிரிக்கவில்லை. "நோயையும் மருந்தையும் அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும். தாழ்ப்பாள் விஷயத்தை நான் சொல்லவா, நீயே சொல்கிறாயா?"

நானே சொல்கிறேன் என்றேன்.

திரும்பி வந்த அம்மா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மருந்து விவரம் கேட்டாள். பஸ்ஸிலும் ஜன்னல் பக்கமே பார்த்திருந்தாள். பஸ் மலையேறத் தொடங்கியதும் மெதுவாகச் சொன்னேன்.

"இதுக்கா என்னய வெளிய அனுப்புனாங்க?" அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் அவள் யாரையும் திரட்டவில்லை. மணியடிக்கும் முன்பே புதுத் தாழ்ப்பாளும் அப்பாவின் சுத்தியலுமாகப் பாடசாலைக்கு வந்து, தானே ஆணியடித்துப் பொருத்திவிட்டுக் கொழுந்தெடுக்கப் போய்விட்டாள்.

மருந்து முடிந்ததும் மறுபடி போனோம். சுகமாகிவிட்டது என்றார் டொக்டர். நான் எழுந்தேன். அம்மா எழவில்லை.

"அந்த நர்ஸ் மிஸ்ஸ வரச் சொல்லு. நீ கொஞ்சம் வெளிய இரு."

"நான் இல்லாம எப்படிம்மா பேசுவீங்க?"

"அவங்களுக்குத்தான் தமிழ் தெரியுமே. போ."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கதவில் காதை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து அம்மா கண்ணைத் துடைத்தபடி வந்தாள். ஆனால் முகம் தெளிந்திருந்தது. என்ன பேசினீங்க என்று டவுன் முழுக்க நச்சரித்தேன். சூடாக இரண்டு வடை வாங்கிக் கொடுத்து என் வாயை அடைத்தாள்.

என் வேலை பறிபோன வருத்தம் மட்டுமே எனக்கு அன்று இருந்தது. மகளின் வாயால் சொல்லக்கூடிய நோய்களை மட்டுமே அம்மா அத்தனை காலமும் டொக்டரிடம் கொண்டுபோயிருக்கிறாள் என்பது, வடை தின்றுகொண்டிருந்த எனக்குப் புரியவில்லை.