அக்கா எண்ணெய் ஊற்றத்தான் செய்தார்

எங்கள் அக்கா திருவாலங்காட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில், நெல் விவசாயக் குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கு அடுத்தவள் நான். ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. "சித்தி, நீதான் எழுதணும். அம்மாவப் பத்தி உனக்குத் தெரிஞ்சது எனக்கே தெரியாது" என்று அக்காவின் மகன் நோட்டைக் கையில் கொடுத்துவிட்டான். முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரை வாங்கியிருக்கும் உங்களில் சிலருக்கு இது கசக்கலாம். கசக்கட்டும்.

அக்காவைக் கும்மிடிப்பூண்டியில் கட்டிக்கொடுத்தார்கள். மாமாவுக்குத் தொழிற்பேட்டையில் இரும்பு ஆலையில் வேலை. அவரிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டிய வண்டி. எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். போகிற வேகத்தில் சக்கரம் நின்று ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். பெட்ரோல் போட்டு வருவது மாமா. டானிக் பாட்டில் மூடியால் எண்ணெய் அளந்து ஊற்றுவது அக்கா.

மகனுக்கு இரண்டு வயது இருக்கும்போது, காலை ஷிப்டுக்குப் போன மாமா வழியில் வண்டியோடு விழுந்து இறந்துபோனார். பார்த்தவர் யாரும் இல்லை. வண்டியைத் தூக்கி வந்தவர்கள் கிக்கரை மிதித்தார்கள். அது இறங்கவில்லை. அக்காவின் சின்ன மாமனார் கூட்டத்தில் வைத்தே கேட்டார்.

"எஞ்சின் ஜாம் ஆயிகீது. எண்ணெ ஊத்தினியாம்மா நீ?"

அக்கா வாய் திறக்கவில்லை. பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்: "தெனம் செய்யிற வேலடி. அன்னிக்குச் செஞ்சது மட்டும் தனியா எப்படி ஞாபகம் இருக்கும்?" அவர் பேசாமல் நின்றதையே ஒப்புக்கொண்டதாக ஆக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அக்கா ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய் மகனைப் படிக்க வைத்தார். அந்தக் கஷ்டத்தைப் பற்றி அவர் ஒருநாளும் புலம்பியதில்லை. ஆனால் புகுந்த வீட்டு விசேஷங்களில் விளக்கேற்றும்போது யாராவது ஒருத்தி சிரித்துக்கொண்டே, "எண்ணெ ஊத்திட்டியாக்கா? மறந்துடப் போற" என்பாள். அதைக் கேட்டு அக்கா சுருங்கிப் போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

அக்கா வேலையிலிருந்து நின்ற வருஷம், கொல்லையில் கோணி போட்டு மூடிக் கிடந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று மகன் கேட்டான். என் வீட்டுக்காரர் காலமானபின் நானும் அங்கேதான் இருந்தேன்.

"போட்டுட்டா எனக்கு யார்டா பதில் சொல்றது?" என்றார் அக்கா. "அந்த எஞ்சினுக்குத்தான் தெரியும்."

மறுநாளே ஸ்பானரோடு உட்கார்ந்துவிட்டார். கோணியை எடுத்ததும் ஒன்று தெரிந்தது. விழுந்த வேகத்தில் கிக்கர் வளைந்து, கால் வைக்கிற கம்பியில் மாட்டியிருந்தது. அன்றைக்கு அது இறங்காததற்கு அதுதான் காரணம். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

"இது போதும்க்கா" என்றேன்.

"போதாது. உள்ள பாக்கணும்."

பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் டீசல் ஊற்றி நாள் கணக்கில் ஊறவைத்தோம். எதிர்வீட்டுக்காரர், "இன்னா பெரிம்மா, ரேஸுக்குப் போறியா?" என்றார். "ஆமா, பின்னால குந்திக்கினு வரியா?" என்றார் அக்கா. எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி, துருவேறி ஒட்டியிருந்த பிஸ்டனை ஒருநாள் வெளியே எடுத்தோம். லேத் பட்டறை மேஸ்திரியைக் கூப்பிட்டு வந்தேன்.

"எனக்காகச் சொல்லாத தம்பி. மெய்யாலுமே சொல்லு" என்றார் அக்கா.

மேஸ்திரி பிஸ்டனைத் துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எண்ணெ இல்லாம ஓடியிருந்தா இங்க கோடு கோடா கீறிக்கினு இருக்கும்மா. நகம் மாட்டும். இது வெறும் துருக்கறை. மழத்தண்ணி எறங்கி வந்தது. நீயே தடவிப் பாரு."

அக்கா நகத்தால் தடவினார். என்னையும் தடவச் சொன்னார். மாட்டவில்லை.

மாமா எதனால் விழுந்தார் என்று இன்றுவரை தெரியாது. எண்ணெயால் விழவில்லை.

அக்கா அந்தப் பிஸ்டனைத் துண்டில் சுற்றிக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு பள்ளிப்பட்டுக்கு பஸ் ஏறினார். சின்ன மாமனார் வீட்டு டீப்பாயில் வைத்துப் பிரித்தார். அவர் அதைத் தொடவில்லை.

"இப்ப இன்னாத்துக்கும்மா இது? செத்தவன் திரும்பி வரப்போறானா?"

"அவரு வரமாட்டாரு மாமா. எம் பேரு வரும்."

அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அக்கா மறுபடி துண்டைச் சுற்றினார்.

மேஸ்திரி பிஸ்டன் ஓடும் குழலைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட்டுக் கொடுத்தார். மூன்று நாள் மிதித்தும் பிடிக்காத வண்டி நாலாம் நாள் பிடித்தது. தெருமுனை வரை கேட்கிற சத்தம். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் விளக்கேற்றியதும், தன் கையாலேயே எண்ணெய் அளந்து ஊற்றி, அக்கா அதைக் கிளப்புவார். சத்தம் பேஜாராக இருக்கிறது என்றவர்களிடம், "இருக்கட்டும், இத்தினி வருசம் நான் கேட்டனே" என்றார். ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்திலும், "கெளப்பினியாடி?" என்றுதான் கேட்டார். அந்த வெள்ளிக்கிழமை மகன் வீட்டுக்கு வந்து மிதித்தான். எண்ணெய் நான் ஊற்றினேன்.

காசு வாங்க மறுத்த மேஸ்திரிக்கும், அக்காவைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிய எதிர்வீட்டாருக்கும், ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த மகனுக்கும் மருமகளுக்கும், இன்று வந்திருக்கும் எல்லோருக்கும் எங்கள் வணக்கமும் நன்றியும். இலை போட்டிருக்கிறது. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

பழைய பிஸ்டனை அக்காவின் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். துண்டு சுற்றவில்லை. கை கழுவியதும் ஒவ்வொருவராக வந்து நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளிப்பட்டிலிருந்து வந்திருப்பவர்கள் முதலில் வரலாம்.