துச்சாதனன் நெற்றியில் ஜிகினா

படக்கடையின் பின்னறையில், அச்சாகி வரும் சாமி படங்களுக்குப் பசை தடவி ஜிகினா ஒட்டுவதுதான் ஜிகினா அக்காவின் பிழைப்பு. வீட்டுச் சோற்றுத் தட்டில்கூட அது மினுங்கும். திரௌபதி படம் வந்தாலே அவளுக்கு இடுப்பு விட்டுப்போகும். துச்சாதனன் உருவ உருவ, கண்ணன் மேலேயிருந்து சிரித்தபடி சேலையை வளர்த்துக்கொண்டே இருப்பான். அத்தனை முழத்துக்கும் கரை ஒட்டும் வேலை இவள் தலையில் விழும்.

ஒரு நாள், நாற்காலியில் சாய்ந்திருந்த முதலாளி ஒரு படத்தைத் தூக்கிப் பார்த்துக் கத்தினார்: "ஏம்மா, துச்சாதனன் நெத்தியில எதுக்கு ஜிகினா?"

"வேர்வைங்க," என்றாள் அக்கா, நிமிராமல். "பாவிப் பயதான், இல்லைங்கல. ஆனா இந்தச் சேலையோட மல்லுக்கட்டி அலுத்துப்போனது அவனும் நானும்தான். மத்தவங்கல்லாம் உக்காந்து வேடிக்கைதானே பாக்கறாங்க?"