நைஸாக அனுப்பி வைத்தார்கள்

யாராவது "நைஸ்" என்று சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடுகிறது. போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் என் புடவையைத் தொட்டுப் பார்த்து, "நைஸா இருக்குங்க" என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? "போம்மா, போய் வேலையைப் பாரு" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஐம்பதுகளில் செங்கல்பட்டில் எங்கள் வீடு முழுக்க அந்த வார்த்தைதான் புழங்கியது. அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். ஜவுளிக் கடையில் துணி எடுத்துப் போடுகிற வேலை அவருக்கு. "இது நைஸ் ரகம்மா, மேல பட்டதே தெரியாது" என்று தடவித் தடவிக் காட்டுவார். வீட்டில் அம்மா, "உளுந்தை நைஸா அரைடி, கொரகொரன்னு வுட்டுடாத" என்று ஆட்டுக்கல்லில் என் உயிரை எடுப்பாள். கல்யாண வீட்டில் வேலை வைக்கிறார்கள் என்று தெரிந்தால் "நைஸா கழண்டுகினேன்". யாரிடமாவது காரியம் ஆக வேண்டுமா, "அவரை நைஸ் பண்ணு". பள்ளிக்கூடத்தில் டீச்சர் அதே வார்த்தைக்கு "நல்ல, இனிய" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டபோது, இந்த டீச்சரம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அதற்கும் நல்லதுக்கும் சம்பந்தமே கிடையாது. சத்தம் வராமல் செய்தால் எதுவும் நைஸ்தான்.

என் அக்காவை மகாபலிபுரத்தில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை சவுக்குத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து விறகு வெட்டி விற்கிறவர். பெண் பார்க்க வந்தபோதே, "ஆளு எவ்ளோ நைஸு பாரேன், அதிர்ந்து ஒரு வார்த்தை வரல" என்று சொந்தக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள். வாஸ்தவம்தான். அவர் அதிர்ந்து பேசி நானும் கேட்டதில்லை. வாயில் துணியை அடைத்துவிட்டு அடிக்கிறவன் எதற்கு அதிர்ந்து பேச வேண்டும்?

முதல் ஆடிக்கு அக்காவை அழைத்து வந்தோம். ஆடி முடிந்தும் அவள் கிளம்பவில்லை. "நான் போவ மாட்டேம்மா" என்று சொல்லி, குளிக்கிற இடத்தில் முதுகைத் திருப்பிக் காட்டினாள். அம்மா அழுதாள். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். "பாழாப் போறவன், மாட்டைக்கூட இப்படி அடிக்க மாட்டாங்களேடி" என்று மண்ணை வாரித் தூற்றினாள். அன்றைக்கு எனக்கு அம்மாவை அவ்வளவு பிடித்தது. இனி அக்கா எங்களோடுதான் என்று நம்பி, அவள் பாயை என் பாயோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன்.

ஆவணியில் என்னைப் பெண் கேட்டு ஒரு இடம் வந்தது. எனக்கு அப்போது பதினாறு வயது. வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, "பெரிய பொண்ணு இன்னா, வாழாம வந்துட்டுதா?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து பேச்சில்லை. நைனா அம்மாவிடம் என்ன சொன்னார் என்று எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். "அடிக்காத, திட்டாத. நைஸா பேசி இட்டுகினு போய் வுட்டுட்டு வந்துடு. சின்னது வாழ்க்கைய பாக்கணுமில்ல?" என்றாராம். என் பேரைச் சொல்லித்தான் செய்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா தேனாகப் பேசினாள். அக்காவுக்குத் தலை வாரிப் பூ வைத்தாள். "திருக்கழுக்குன்றம் போயி கழுகு பாத்துட்டு வரலாம்டி, உம் மனசும் கொஞ்சம் ஆறும்" என்றாள். மூன்று பேரும் பஸ் ஏறினோம். குளத்தில் முழுகினால் மாற்றிக் கட்ட என்று ஒரு துணி மூட்டை. அதை நான்தான் மலை உச்சிவரை சுமந்தேன். உச்சி வெயிலில், கழுகுக்குச் சோறு வைக்கிற பாறைக்கு எதிரே கூட்டம் காத்துக் கிடந்தது. அன்றைக்குப் பார்த்துக் கழுகு வரவில்லை.

"கூட்டத்துல எவனோ பாவி கீறாம்பா!" என்று ஒருவர் கத்தினார்.

அக்காவின் முகம் சுண்டிப் போயிற்று. "என்னாலதானாம்மா?" என்று கேட்டாள்.

"சீ, வாய மூடு" என்றாள் அம்மா. அவளுக்கு என் முகத்தையும் பார்க்க முடியவில்லை, அக்கா முகத்தையும் பார்க்க முடியவில்லை. வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இறங்கி வந்து பஸ் ஏறினோம். மலை ஏறின அலுப்பில் அக்கா ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். உப்புக் காற்று முகத்தில் அடித்த பிறகுதான் விழித்தாள். "இன்னாம்மா, செங்கல்பட்டுக்கு இப்படியா போவுது?"

"உங்க வூட்டுக்காரரு ஒரு வார்த்தை பேசணும்னாரு கண்ணு. பேசிட்டு உடனே திரும்பிடலாம்."

பஸ் நின்ற இடத்தில் மாப்பிள்ளை மாட்டுவண்டியோடு தயாராக நின்றிருந்தார். கையில் இலைப் பொட்டலத்தில் மல்லிப்பூ. அம்மாவைக் கும்பிட்டு, "நீங்க கவலைப்படாதீங்க அத்தை, நான் பாத்துக்கறேன்" என்றார். அம்மா என் கையிலிருந்த மூட்டையை வாங்கி அவரிடம் கொடுத்தாள். உள்ளே அக்காவின் புடவைகள் மொத்தமும் இருந்தன.

அக்கா அழவில்லை. அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்: "அடிச்சி இஸ்துகினு வந்திருந்தா நான் கத்தியிருப்பேம்மா. பஸ்ல நாலு பேரு இன்னா ஏதுன்னு கேட்டிருப்பாங்க. தலை வாரி, பூ வெச்சி இட்டாந்துட்டியே. இப்ப நான் இன்னான்னு சொல்லிக் கத்துவேன்?"

அம்மா அவள் கையைப் பிடிக்கப் போனாள். அக்கா உதறிவிட்டுத் தானாகவே வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. ஆவணியில் பெண் கேட்டு வந்த அதே இடம்தான். அக்கா வரவில்லை. அவள் வீட்டுக்காரர் மட்டும் சீர்த் தட்டோடு வந்து, அவளுக்கு உடம்பு சரியில்லை என்றார். உடம்புக்கு என்ன என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.